நின்றுகிடந்த காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றச் சொல்கிறார்களா?

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் பழைய காரைப் பூட்டிவைத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் கவனத்திற்காக இதை எழுதுகிறேன்.

மண்டபத்தில் கடலைப் பார்த்த எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் மாருதி 800 பல மாதங்களாக ஓடாமல் நின்றது. ஊருக்கு வந்து சாவியைத் திருகியபோது, 'டக்' என்ற சத்தத்தோடு டேஷ்போர்டு விளக்குகள் மங்கினவே தவிர என்ஜின் சுற்றவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், மீட்டர் எதையும் வைத்துப் பார்க்காமலே, பேட்டரியும் போய்விட்டது, என்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றார். இரண்டையும் மாற்றியதாக 11,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். பழைய பேட்டரிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. பழைய மோட்டார் எங்கே என்றதற்கு, காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்.

அந்த வாரமே மறுபடியும் அதே 'டக்'. இந்த முறை இராமநாதபுரத்திலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ், இருப்பதை அவர் முதலில் காட்டினார். பிறகு என்னைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வைத்தபோது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு நான்கைத் தாண்டியது. பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால், செம்பு வளையம் முழுக்கப் பச்சை பூத்து, அடியில் இரும்பு செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியர் அளவுக்கு வேண்டும், அது அந்தத் துரு வழியே போகாது. முதல் மெக்கானிக் கழற்றி மாட்டிய அசைவில்தான் இடையில் சில நாள் ஓடியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கி, கிரீஸ் தடவியதும் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கூலி 200 ரூபாய். 'புதிய' மோட்டாரோ, துருவின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த பழையது.

எனவே மோட்டார் மாற்றச் சம்மதிக்கும் முன், ஜம்பர் கேபிளால் (இரு முனையிலும் கிளிப் உள்ள தடித்த ஒயர்) பேட்டரியின் நெகட்டிவை நேரே என்ஜின் உலோகத்தோடு இணைத்துத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சுற்றினால் பழுது எர்த்தில்தான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். பேட்டரிக்கு வாரன்ட்டி அட்டையும் கடை முத்திரையும் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை. பணத்தைக் கூகுள் பே வழியாகச் செலுத்தியிருந்ததால் மட்டுமே காட்டுவதற்கு ஓர் ஆதாரம் மிஞ்சியது.