எம்.டி.ஆர்.: வீட்டு ரவுட்டர் மறைத்த வழியைக் காட்டிய கருவி

எம்.டி.ஆர். என்றதும் ரவா இட்லி மாவு நினைவுக்கு வருபவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்வது 1997இல் மாட் கிம்பால் எழுதி, பின்னர் ரோஜர் வுல்ஃப் பொறுப்பேற்றுக்கொண்ட இலவச நெட்வொர்க் கருவியை. சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங், அதற்குப் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் இரண்டின் வேலையையும் ஒரே திரையில் செய்யும் இது, நம் கணினிக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றின் தாமதத்தையும் பாக்கெட் (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) இழப்பையும் நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடியோ அழைப்புகள் திக்கத் தொடங்கியதால் இதை என் லினக்ஸ் லேப்டாப்பில் நிறுவினேன். முதல் வரியில் 192.168.1.1, அதாவது என் வீட்டு ரவுட்டர்; கடைசி வரியில் சர்வர். இடைப்பட்ட வரிகள் எல்லாவற்றிலும் பதிலுக்குக் காத்திருப்பதாக மட்டுமே எழுதியிருந்தது. சோதனைப் பாக்கெட்டுகளை இணையதளங்கள் பயன்படுத்தும் டி.சி.பி. முறைக்கு மாற்றி, அவற்றுக்குரிய 443ஆம் போர்ட்டுக்கு அனுப்பிப் பார்த்தும் பயனில்லை.

பயனிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது. பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். எண்ணை வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். கருவி வேண்டுமென்றே சிறிய எண்களை வைத்து அனுப்பும்; எண் பூஜ்ஜியமாகும் இடத்தில் உள்ள ரவுட்டர், எந்த முறையில் அனுப்பியிருந்தாலும், 'நேரம் கடந்தது' என்ற ஐ.சி.எம்.பி. (நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் முறை) செய்தியைத்தான் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தி நாம் பேசிய சர்வரிடமிருந்து வருவதில்லை, முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வருகிறது. ஆகவே நாட் செய்யும், அதாவது வீட்டுக் கணினிகள் அனைத்தையும் ஒரே வெளி முகவரியின் பின்னால் வைக்கும் வீட்டு ரவுட்டர் அதன் உள்ளே பொதிந்திருக்கும் பழைய பாக்கெட்டின் தலைப்பைப் படித்து, இது எந்தக் கணினிக்கு உரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் ரவுட்டரின் ஃபயர்வால் அந்தச் சிரமமே வேண்டாமென்று எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டிவிட்டது. ரவுட்டரை விலக்கி லேப்டாப்பை நேரடியாக ஃபைபர் பெட்டியில் செருகியதும் வரிகள் அனைத்தும் நிரம்பின. ஃபயர்வால் அளவை 'உயர்' என்பதிலிருந்து 'நடுத்தரம்' என்பதற்கு இறக்கிய பின் ரவுட்டர் வழியாகவும் நிரம்பின.

கருவியின் குறை இழப்புச் சதவீதப் பத்தியில் இருக்கிறது. என் திரையில் நான்காவது வரி 40% இழப்பைக் காட்டியது. ஐந்தாவதில் 6% மட்டுமே. நான்காவது ரவுட்டர் பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கடத்திவிட்டு, நமக்குப் பதில் எழுதுவதை மட்டும் மட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதே இதன் பொருள். இதை அறியாதவரை அந்த எண் வீணாக அலைக்கழிக்கும்; கருவி ஓர் எச்சரிக்கைகூடத் தருவதில்லை. பாக்கெட் போகும் வழியை மட்டும் இது காட்டும், பதில் வேறு வழியாகத் திரும்பினால் அது தெரியாது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

நம்ப வேண்டியது, ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை நீடிக்கும் இழப்பைத்தான். எனக்கு அந்த 6% இரண்டாவது வரியிலேயே, அதாவது 100.64 என்று தொடங்கும் இணைய நிறுவனத்தின் முகவரியிலேயே தொடங்கியிருந்தது. அறிக்கை முறையில் இயல்பாகப் பத்துச் சுற்றுகளே ஓடும் என்பதால் நூறு சுற்றுகள் ஓடவிட்டு, இரவு அறிக்கையையும் காலை அறிக்கையையும் சேர்த்துப் புகாருடன் அனுப்பினேன். மறுநாள் வந்த ஊழியர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லவில்லை. நேராகத் தெருமுனைப் பெட்டிக்குப் போனார்.