நீமோவின் மீன்தொட்டியா, ஜாக்-ஜாக்கின் தீப்பொறியா?

குமுளியில் ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது லேசான வேலை இல்லை. எங்கள் வீட்டில் பல வருடம் அந்த வேலையைப் பார்த்தது ஒரு டிவிடி பிளேயரும் நாலைந்து கார்ட்டூன் படங்களும்தான். படங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. டிஸ்கைப் போட்டதும் வருகிற மெனு எப்படி, படம் முடிந்த பிறகு பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது, இந்த இரண்டில் மட்டும் அவற்றை மோதவிட்டுப் பார்க்கலாம்.

முக்கியப் போட்டி பிக்ஸாரின் இரண்டு படங்களுக்கு இடையில். 2003-இல் அமெரிக்காவில் டிவிடியாக வந்த 'ஃபைண்டிங் நீமோ', 2005-இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்'. இரண்டுமே இரண்டு டிஸ்க் பெட்டிகள். பக்கத்து வீட்டுச் சேச்சி அமெரிக்காவில் நர்ஸ். லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாதபடி ரீஜன் என்று ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள்; அமெரிக்க டிஸ்க் என்றால் ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. அதனால் எங்கள் பிளேயர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலை இறங்கிக் கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ரிமோட்டில் ஏதோ எண்களைத் தட்டி, பூட்டைத் திறந்துவிட்டார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

மெனுவில் நீமோவை அடிக்க ஆள் இல்லை. முழுக்கக் கடலடிதான். பவளப்பாறை, அசையும் செடிகள், நீலத் தண்ணீர். அதில் மீன்தொட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தெல்லாம் போய்த் திரை முழுவதும் கண்ணாடித் தொட்டி மாதிரி ஆகிவிடும், அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இதை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பத்தா பார்த்தது. திண்ணையில் இடம் இல்லாத மழை நாளில், முறத்தில் ஏலக்காயைக் கொட்டி, வெடித்த காய் வேறு, பச்சைக்காய் வேறு என்று பொறுக்கிக்கொண்டே நடுநடுவே டிவியைப் பார்க்கும். நான் அணைக்கப் போனால், "ஏய், அந்த மீனை அணைச்சிராதடா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று அதட்டல் வரும். கரண்டு போனால்தான் அந்த மீன்களுக்கு ஓய்வு.

இன்கிரெடிபிள்ஸ் மெனு வேறு ஜாதி. பித்தளை வாத்தியங்கள் முழங்க விறுவிறுவென்று வரும். முதல் தடவை பிரமாதம். பையன் டிஸ்கைப் போட்டுவிட்டுத் தட்டு எடுக்க அடுப்படிக்குப் போய்விடுவான். அதே இசைத்துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும்போது மிக்ஸியே தேவலை என்று இருக்கும். அதற்காக ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மெனுவில் எதையும் தொடாமல் காத்திருந்தால், படத்தில் வரும் ஆம்னிட்ராய்ட் ரோபோவின் குட்டிப் படம் ஒன்று மூலையில் எட்டிப் பார்க்கும். ரிமோட்டில் அங்கே போய் அழுத்தினால் ஒளித்து வைத்த வேடிக்கைத் துணுக்கு கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சரி, கூடுதல் சரக்குக்கு வருவோம். இங்கே இன்கிரெடிபிள்ஸ் பல அடி முன்னால் நிற்கிறது. 'ஜாக்-ஜாக் அட்டாக்' என்ற ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றே போதும். படத்தில் கைக்குழந்தை ஜாக்-ஜாக்கைப் பார்த்துக்கொள்ள வந்த காரி என்ற பெண்ணின் பதற்றம் ஃபோனில் மட்டும்தான் நமக்குக் கேட்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் குறும்படம். குழந்தை சுவருக்குள் புகுந்து வெளியே வரும், தீப்பிடித்து எரியும். இது படத்தின் ஓட்டையை அடைக்கிற துண்டு, அதனால் படத்தை மறுபடி பார்க்கத் தோன்றும்.

அதே டிஸ்கில் படத்தின் பழைய தொடக்கக் காட்சி ஓவிய வரிசையாக இருக்கிறது. அதில் வில்லன் சிண்ட்ரோம் ஆரம்பத்திலேயே வந்து அங்கேயே முடிந்துபோகிறான். அவன் நன்றாக அமைந்துவிட்டதால் பிறகு அவனையே பெரிய வில்லனாக்கிக்கொண்டார்கள் என்பதை இயக்குநர் பிராட் பேர்டே சொல்கிறார். கதை எழுதும் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அப்புறம் அறுபதுகளின் மலிவான டிவி கார்ட்டூனைக் கிண்டலடிக்கும் துண்டு ஒன்று: அசையாத முகத்தில் நிஜ மனித உதடுகள் மட்டும் அசையும். அதைப் பார்த்தபடி படத்தின் நாயகன் மிஸ்டர் இன்கிரெடிபிளும் அவன் நண்பன் ஃப்ரோசோனும் பேசுகிற ஒலித்தடத்தைப் போட்டுப் பாருங்கள். ஃப்ரோசோனுக்கு வருகிற எரிச்சல் நியாயமானது.

நீமோவிலும் சரக்கு உண்டு. இயக்குநர் குழு பேசும்போது படத்தை நிறுத்தி, நடுவே வெட்டிய காட்சிகளைக் காட்டுகிற விளக்கத் தடம் நல்ல யோசனை, ஆனால் பிள்ளைகளை விரட்டிவிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டியது. கடல் ஆய்வாளர் ஷான்-மிஷேல் கூஸ்தோ பவளப்பாறையைப் பற்றிச் சொல்ல வர, நீமோவின் அப்பா மார்லினும் தோழி டோரியும் குறுக்கே புகுந்து பேச விடாமல் செய்கிற துண்டு எல்லோருக்கும் பிடித்தது. விளையாட்டுகளை ஒரு தடவைக்கு மேல் யாரும் தொடவில்லை.

ஆனால் நீமோவில் 'நிக் நாக்' இருக்கிறது. 1989-இல் எடுத்த பழைய குறும்படம். கண்ணாடி உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட பனிமனிதன் வெளியே வரப் படும் பாடுதான் கதை. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எங்கள் வீட்டில் தமிழ், சேச்சி வீட்டில் மலையாளம், டிஸ்கில் இங்கிலீஷ் என்று இருந்த நிலையில் அப்பத்தாவும் சேச்சியின் அம்மச்சியும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்தப் பனிமனிதனைப் பார்த்துத்தான். "எந்தா ஒரு கஷ்டம்" என்று அம்மச்சி, "பாவம், விடமாட்டேங்குதே" என்று அப்பத்தா. ஜாக்-ஜாக்குக்கு அந்த இடத்தில் ஒரு மதிப்பெண் குறைகிறது, வசனம் புரிந்தால்தான் அதில் பாதிச் சிரிப்பு.

இன்னொன்று, பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு. நீமோ பெட்டியில் அகலப் படம் ஒரு டிஸ்கிலும் டிவியை நிரப்பும் படம் இன்னொன்றிலும் உண்டு. இன்கிரெடிபிள்ஸ் இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக விற்றது. எங்களுக்கு வந்தது அகலப் பெட்டி. அகலம் 2.39, உயரம் 1 என்ற அந்த அளவு பழைய டிவியில் வந்தால் மேலும் கீழுமாக ஏறக்குறையப் பாதித் திரை கறுப்புப் பட்டைதான். 'டிவி ரிப்பேரா?' என்று கேட்காத விருந்தாளி இல்லை.

மூன்றாவதாக 'ஷ்ரெக் 2'-ஐயும் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்கள் பாட்டுப் போட்டியில் பாட, ரிமோட்டில் நாமே வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வாரம் சண்டை, இரண்டாம் வாரம் சலிப்பு, அதோடு சரி.

நம் பக்கத்து விசிடியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு தட்டில் 74 நிமிடம்தான், பாதியில் எழுந்து தட்டு மாற்ற வேண்டும். ஆனால் சின்னவளுக்கு அதுதான் இஷ்டம். 'மஞ்சாடி', 'பூப்பி' போன்ற மலையாளப் பாட்டு டிஸ்க்குகளைப் போட்டதும் மெனு, அம்புக்குறி எதுவும் இல்லாமல் நேரே பாட்டு வந்துவிடும் என்பது அவள் கட்சி. கடையில் வாங்கிய சில டிவிடிகள் பத்து நிமிடம் விளம்பரம் ஓட்டி, தாண்டவும் விடாமல் ரிமோட்டை முடக்கி வைத்ததை நினைத்தால் அவள் கட்சியில் நானும் சேரலாம்.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் மீன்தொட்டிக்கு நீமோவை எடுங்கள், பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டிவிட்டால் இன்கிரெடிபிள்ஸை எடுங்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க் உள்ளே இருக்கிறதா பார்த்துவிடுங்கள். எங்கள் ஜாக்-ஜாக் டிஸ்க் இரவல் போய்ப் பல வருடமாகிறது, யார் வீட்டில் என்று இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.