நெல் சுணையும் ஆல்கோ சத்தமும்: டிசிசியோடு நான்கு வருடம்

என்னைப் போல மாடல் ரயில் ஓட்டும் கும்பகோணத்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பழைய டிசியிலேயே இருக்கவா, டிசிசிக்கு மாறவா? மாறினால் எந்த கன்ட்ரோலர் வாங்குவது?" போனில் பாதி சொன்னேன். மீதி இங்கே. டிசி என்றால் தண்டவாளத்தில் விடும் கரண்டைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டுவது. டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்டு இருக்கும்; கன்ட்ரோலர் அதன்வழியே அனுப்பும் கட்டளையை வண்டிக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் போர்டு வாங்கி மோட்டாரையும் ஒலியையும் இயக்கும்.

கன்ட்ரோலரைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினி போர்டு, அதன்மேல் தண்டவாளத்துக்குக் கரண்டு அனுப்பும் மோட்டார் ஷீல்டு, உள்ளே டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள். வைஃபை போர்டு ஒன்று சேர்த்ததும் கைபேசியே வேகம் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஆகிவிட்டது. என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் தரத்தை ஒட்டிய டிகோடர் எந்தக் கம்பெனியுடையதானாலும் இதோடு ஓடும். காசை டிகோடரில் போடுங்கள்.

நான் அப்படித்தான் போட்டேன். ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் டீசல் வண்டி மாடல் ஒன்றில், அவர்களுடைய 251 டீசல் இன்ஜினின் ஒலி உள்ள டிகோடரை வைத்தேன். நம் ரயில்வேயின் டீசல் வண்டிகளான ஒய்டிஎம்-4, டபிள்யூடிஎம்-2 இரண்டுமே அந்த 251 குடும்பம்தான். மீட்டர் கேஜ் காலத்தில் தஞ்சாவூர் ஜங்ஷனில் நின்று கேட்ட அந்தத் தடதடப்பு மேஜைமேல் கேட்டபோது, என் அண்ணன் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். டிகோடரின் அமைப்புகளில், வேகம் எடுப்பதற்கான சிவி3-ல் 40, வேகம் குறைவதற்கான சிவி4-ல் 30 போட்டேன். வண்டி இப்போது பாரம் இழுப்பதுபோல் மெல்ல நகரும், நிற்கும்போதும் நிதானமாக நிற்கும். டிசியில் எனக்கு இது ஒருநாளும் வந்ததில்லை.

ஆனால் தூசி.

எங்கள் வீடு திருவையாறு பக்கம், வாசலுக்கு எதிரே வயல். தை மாதம் அறுப்பு மெஷின் இறங்கினால் நெல் சுணை ஜன்னல் இடுக்கெல்லாம் நுழைந்துவிடும். மார்கழிப் பனியின் ஈரம் வேறு. சக்கரத்து எண்ணெயோடு சேர்ந்து தண்டவாளத்தில் கறுப்பு மசியாகப் படிகிறது. விரலால் தடவினால் அடுப்புக்கரி போல ஒட்டும்.

கட்டளை தவறுவதால் வண்டி நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது காரணமில்லை. கன்ட்ரோலர் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒன்று தவறினால் அடுத்தது கிடைத்துவிடும். கரண்டு அறுபடுவதுதான் கோளாறு. டிசியில் அந்த இடத்தை மோட்டார் ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும். டிசிசியில் டிகோடருக்குள் இருக்கும் சில்லு அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டி நடுவில் நின்று, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் ஒலியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பார்க்க அவ்வளவு வருத்தமாக இருக்கும்.

பழைய வேட்டித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் இரண்டு நாள் தாங்கும். கடைசியில், கரண்டு அறுபடும் நொடியில் டிகோடருக்குக் கரண்டு தரும் கீப்-அலைவ் கெபாசிட்டர் ஒன்றை டிகோடரோடு சால்டர் செய்தேன். பாடிக்குள் இடமில்லாமல், உள்ளே இருக்கும் எடைக்கட்டியைக் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது தண்டவாளத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்தாலும் இன்ஜின் அதைத் தாண்டிப் போகிறது. ஆனால் அது இருக்கும்போது சிவி அமைப்பதற்கென்று தனியாக வைத்த புரோகிராமிங் ட்ராக்கில் சிவி படிக்க முடியவில்லை. கெபாசிட்டரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்கிறேன். ஷன்டிங் செய்யும் சின்ன இன்ஜினில் கெபாசிட்டருக்கே இடமில்லை. அது இன்று சாயங்காலம் மட்டும் நான்கு தடவை நின்றது.

அதனால் நண்பருக்கு என் பதில்: தூசி வராத, கதவு அடைத்த அறை இல்லையென்றால் இப்போதைக்கு டிசியிலேயே இருங்கள். ஆல்கோவைக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், மாசி கழியட்டும். நாளை எதிர் வயலில் அறுப்பு. லேஅவுட்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டேன்.