ஏபிஐ வழியாகப் படம் அனுப்புதல்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

பின்னால் ஏஎஸ்பி டாட் நெட் கோரில் எழுதிய ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்), முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், டிஸ்க்கில் பயனர்கள் ஏற்றிய படங்கள். லாகின் செய்தவர் மட்டுமே பார்க்கலாம். இந்த அமைப்பு நீண்ட நாள் ஓடினால் எங்கே இடிக்கும் என்பதற்கான பகிர்வு இது.

முதல் இடி படத்தை பைட் அர்ரேயாக (பைட்டுகளின் வரிசை) அப்படியே ரிட்டர்ன் செய்வதில். அது ஜேசானுக்குள் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) பேஸ்64 சரமாகிப் போகும், அதாவது பைட்டுகள் எழுத்துகளாக மாறிவிடும். பிரவுசரில் உடைந்த பட ஐகான்தான் வரும். அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும், 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும். தவிர, 85,000 பைட்டைத் தொடும் அர்ரே எல்லாம் பெரிய பொருள்களுக்கான ஹீப்பில் (மெமரியின் தனிப் பகுதி) போய் உட்காரும். ஜென் 2 சுத்திகரிப்பு (டாட் நெட்டின் முழு மெமரி துப்புரவு) வரும்வரை இடத்தைக் காலி செய்யாது. கூட்டம் கூடும்போது மெமரி ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

முழுதாக மெமரியில் ஏற்றாமல் ஃபைல் ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்ட்ரீமை யூசிங் பிளாக்கில் (முடிந்ததும் தானே மூடிவிடும் பகுதி) போடக்கூடாது. அனுப்பி முடித்ததும் ஃப்ரேம்வொர்க்கே மூடிவிடும். நாம் முந்திக்கொண்டு மூடினால் எர்ரர். மெமரி ஸ்ட்ரீமில் எழுதிய கையோடு பொசிஷனை 0-க்குக் கொண்டுவர மறந்தால், கன்டென்ட் லெங்த் ஒத்துவரவில்லை என்று ஏஎஸ்பி டாட் நெட் கோரின் சொந்த சர்வரான கெஸ்ட்ரல் புலம்பும்.

நெடுநாளைக்குத் தாங்கியது, 'இந்த ஃபைலை நீயே அனுப்பு' என்று என்ஜின்எக்ஸிடம் சொல்லும் எக்ஸ்-ஆக்ஸல்-ரீடைரெக்ட் ஹெடர்தான். டிக்கெட் கிழிப்பவர் ஆளைத் தூக்கிக்கொண்டு போய் சீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. அதுபோலவே ஏபிஐ அனுமதியைச் சரிபார்த்து, ஃபைலின் பாதையை மட்டும் ஹெடரில் சொன்னால் போதும். ஃபைலை என்ஜின்எக்ஸ் அனுப்பிவிடும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தப் பாதைக்கான லொகேஷன் பிளாக்கில் இன்டர்னல் என்று கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் நேரே வந்து எடுப்பார்கள். டிஸ்க்கில் எந்த ஃபோல்டர் என்று சொல்லும் அலையஸின் கடைசிச் சாய்கோட்டை (/) விட்டால் 404, அதாவது ஃபைல் இல்லை என்ற பதில். எர்ரர் லாகில் '/டேட்டா/படங்கள்12.ஜேபிஜி' என்று ஒட்டிக்கொண்ட பாதை தெரிந்தால் காரணம் அதுவே. கன்டென்ட் டைப்பை என்ஜின்எக்ஸ் ஏபிஐயிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அங்கே டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் என்று இருந்தால், தனி டேபில் திறந்த படம் கிறுக்கல் எழுத்துகளாகக் கொட்டும்.

அனுமதியில் இன்னொரு சிக்கல். பக்கத்தில் படம் காட்டும் ஐஎம்ஜி டேக், லாகின் டோக்கன் போகும் ஆத்தரைசேஷன் ஹெடரை அனுப்பாது. ஆகவே குக்கீ, அல்லது காலாவதி நேரத்தோடு கையொப்பமிட்ட யூஆர்எல். கையொப்பத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டால் யூஆர்எல் மாறும், கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்த நகல்) வீணாகும், அதே படம் திரும்பத் திரும்ப இறங்கும். காலாவதியை அடுத்த முழு மணிக்கு, அது பக்கத்தில் இருந்தால் அதற்கடுத்த மணிக்கு, நகர்த்தி வையுங்கள். ஒரு மணிநேரம் வரை ஒரே யூஆர்எல் கிடைக்கும். கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் என்றே இருக்கட்டும். பப்ளிக் என்று போட்டால் நடுவிலுள்ள சிடிஎன் (நகல் வைத்துப் பரிமாறும் சர்வர்கள்) ஒருவர் படத்தை இன்னொருவருக்கு நீட்டிவிடலாம்.

ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக்குக்கு ஜிஜிப் சுருக்கம் போடுவது வெட்டிவேலை, சிபியுதான் தேயும்.

ஃபைல் பெயரைப் பயனரிடமிருந்து வாங்கி, பாதைகளை இணைக்கும் பாத் கம்பைனில் கொடுப்பதும் ஆபத்து: இரண்டாவது மதிப்பு சாய்கோட்டில் தொடங்கினால் முதல் மதிப்பைத் தூக்கி எறிந்துவிடும். ஐடி வாங்கி, பாதையை டேட்டாபேஸில் பாருங்கள். உள்ளே ஸ்கிரிப்ட் வைக்க முடிகிற பட வடிவமான எஸ்விஜியை ஏற்க வேண்டாம் என்பதே என் கட்சி. ஐஎம்ஜி டேகுக்குள் அதன் ஸ்கிரிப்ட் ஓடாது. நேரே திறந்தால் உங்கள் டொமைனிலேயே ஓடும். ஏற்றே ஆக வேண்டுமென்றால் தனி டொமைனிலிருந்து கொடுங்கள்.