கைபேசிக்கு வந்த பணமெல்லாம் வருமானம் என்று சொன்னவரிடம் 50,000 ரூபாவை இழந்தேன்

வருமான வரி விபரத்திரட்டு (வருட வருமானத்தை அரசுக்கு அறிவிக்கும் படிவம்) நிரப்பித் தருவதாக வீட்டுக்கு வரும் ஒருவர், உங்கள் மின்னஞ்சலும் கைபேசி இலக்கமும் கேட்கும் இடத்தில் தன்னுடையதை எழுதினால், அங்கேயே அவரை நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தவில்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்லாத பொய் ஒன்று என் பெயரில் அரச கோப்பில் ஏறிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டோடு மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து விற்கிறேன். முன்பு எல்லாமே காசுக் கொடுக்கல் வாங்கல்தான். சில வருடங்களாகக் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து கேட்பவர்கள் கைபேசிச் செயலியில் பணம் போட்டுவிட்டுச் சொல்வார்கள், நான் கூரியரில் அனுப்புவேன். கைபேசியால் வருடிப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் அட்டை ஒன்றும் வாசலில் ஒட்டியிருக்கிறேன். அயலில் இருப்பவர்கள்கூட அரைக் கிலோ வாங்கினால் அதில்தான் செலுத்துகிறார்கள்.

18 வயது கடந்தவர்கள் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 தொடக்கத்தில் எங்கும் பேச்சாக இருந்தபோதுதான் இவர் அறிமுகமானார். என்னிடம் தூள் வாங்கும் ஒருவர் அனுப்பிவைத்தார். பணிவான பேச்சு, சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்த வரி இலக்கத்தை, அதாவது டின் இலக்கத்தை, எடுத்துக் கொடுக்க 5,000 ரூபா வாங்கினார். அதற்கு வரி அறவிடும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஒரு சதமும் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. “உங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்து தொல்லைப்படுத்தும் அக்கா, எல்லாம் என்னிடமே வரட்டும்” என்று சொல்லித் தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினார். உதவி என்றுதான் நினைத்தேன்.

2025 ஒக்டோபரில் மறுபடி வந்தார். 2024/2025 மதிப்பாண்டுக்கான (2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை) விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும் என்றார். அது உண்மைதான். வங்கிக் கூற்றைக் கேட்டார், கொடுத்தேன். அன்று காலை வறுத்த செத்தல் மிளகாய் முன் விறாந்தையில் பாயில் ஆறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் கீழே கோடு போட்டார். மிளகாய் நெடியில் இடையிடையே இருமினார், ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. கடைசியில் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்: 4,640,000. அதில் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடும் தொகை, 1,200,000ஐக் கழித்தார். மீதிக்கு 6 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரை படிப்படியாகக் கணக்குப் போட்டு, கூற்றின் மூலையில் 788,400 என்று எழுதி வட்டம் போட்டார்.

ஏழு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம்! எனக்குக் கை கால் உதறியது. கணவர் இல்லாத வீடு, கம்பஸில் படிக்கும் பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார்: “பயப்படாதீர்கள் அக்கா, செயலியில் வருகிற காசு திணைக்களத்தின் கண்ணுக்குத் தெரியாது. 45,000 தந்தால் பிரச்சினை இல்லாமல் முடித்துவிடுகிறேன்.” கண்ணுக்குத் தெரியாத காசு என்றால் எதற்காக இவ்வளவு வரி சொல்லிப் பயமுறுத்தினார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, “இதற்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை” என்றார். பத்து நாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் சில வந்தன. நான் அவற்றைச் சாமி அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

தை மாதம் பெரிய அரைக்கும் இயந்திரம் வாங்க வங்கிக் கடனுக்குப் போனேன். விபரத்திரட்டின் பிரதி கேட்டார்கள். பூட்டி வைத்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையோடு நீட்டினேன். அந்த அலுவலர் ஒரு கையை வங்கிக் கூற்றின் மீதும் மறு கையை விபரத்திரட்டின் மீதும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மா, இதில் உங்களுக்கு வருமானமே இல்லை என்று எழுதியிருக்கிறது. இதை நீங்கள் பார்த்துத்தான் கொடுத்தீர்களா?” என்று மெதுவாகக் கேட்டார். பூச்சியம். மிளகாய் வறுத்து வறுத்துக் கண் பழுதான எனக்கு, ஒரு வருடம் முழுக்க ஒரு ரூபாவும் வருமானம் இல்லையாம். கடன் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெறாமகளைக் கூப்பிட்டேன். கணக்கியல் படித்தவள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ளே போகப் பார்த்தால், சரிபார்ப்பு இலக்கம் அந்த மனிதரின் கைபேசிக்குத்தான் போகிறது! என் கோப்பின் வாசல் திறப்பு அவர் கையில். அழைத்தேன். “இரண்டு நாள் பொறுங்கள்” என்றார். மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசி வேலை செய்யவில்லை.

அடையாள அட்டையையும் டின் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போனோம். அடிப்பார்கள் பிடிப்பார்கள் என்று பயந்துகொண்டு போன இடத்தில் தமிழில் பொறுமையாகக் கேட்டார்கள். மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் மாற்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தவறான விபரத்திரட்டைத் திருத்திக் கொடுக்கலாம் என்பதும் அங்கேதான் தெரிய வந்தது.

பிறகு இரண்டு இரவு பெறாமகளும் நானும் அந்தச் சிவப்புக் கோடு போட்ட கூற்றை வரி வரியாகப் பிரித்தோம். எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த இரண்டு இரவுகளைத்தான். கனடாவில் இருக்கும் தம்பி அம்மாவின் மருந்துக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் அனுப்பியது 620,000. அது உழைப்பு அல்ல, உறவு தந்தது. நான் மாதாமாதம் கட்டிய சீட்டில் என் முறை வந்தபோது கைக்கு வந்தது 300,000, அது என்னுடைய காசே திரும்பி வந்தது. என் வங்கிக் கணக்கிலிருந்து செயலிக்கும் செயலியிலிருந்து வங்கிக்கும் நானே மாற்றியது 540,000. ஒரே 25,000 ரூபா ஒரே கிழமையில் மூன்று தடவை உள்ளே வந்ததாக அவர் கோடு போட்டிருந்தார்! இவற்றையெல்லாம் கழித்தால் தூள் விற்ற காசு 3,180,000.

செயலியில் வராமல் கையில் வாங்கிய 240,000 என் கொப்பியில் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். நாங்கள் சேர்த்தோம். எந்த வழியால் வந்தாலும் விற்பனை விற்பனைதான். மொத்தம் 3,420,000. அதில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், பொதி செய்யும் பை, கூரியர், மின்சாரம், உதவிக்கு வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் சேர்ந்து 1,960,000. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மல்லி வாங்கிய துண்டுகளைக்கூட நான் ஊசியில் கோத்து வைத்திருந்தேன், அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. இலாபம் 1,460,000. நிவாரணம் போக மீதி 260,000. அதற்கு 6 சதவீதம்.

15,600 ரூபா.

788,400 என்று வட்டம் போட்டாரே, அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டிய எண் இதுதான். இதைக் கட்டாமல் இருக்க அவருக்கு 45,000 கொடுத்திருக்கிறேன். இப்போது வரியையும் கட்டி, காலம் தவறியதற்கு மாதம் 1.5 சதவீத வட்டியையும் கட்டினேன். வங்கி வழியாக, என் கையால், என் இலக்கத்தில்.

2025/2026 மதிப்பாண்டிலிருந்து நிவாரணம் 1,800,000 ஆகிவிட்டது. இதே இலாபம் என்றால் இனி எனக்கு வரியே வராது. ஆனாலும் கொப்பியையும் துண்டுகளையும் எறிய மாட்டேன், ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செயலியில் வருவது யாருக்கும் தெரியாது என்ற கதையையும் நம்பாதீர்கள். அந்தக் காசு கடைசியில் வங்கியில்தான் போய்ச் சேர்கிறது, வங்கிகளிடம் விபரம் கேட்கும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு பையன் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணினியில் வடிவமைப்பு வேலை செய்கிறான். அவனிடமும் இதே மனிதர் “வெளிநாட்டுக் காசுக்கு வரி கிடையாது” என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட சேவை வருமானம் வங்கி மூலம் நாட்டுக்குள் வந்தால் 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, உச்சம் 15 சதவீதம். பழைய சட்டத்தைச் சொல்லிப் புதிய பிள்ளைகளை மாட்டிவிடுகிறார்.

கொடுத்த பணம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு துண்டுகூட இல்லாமல் எதைக் காட்டுவது? ஆனால் போன கிழமை சந்தையில் பலகாரம் விற்கும் ஓர் அம்மா, தானும் அவரிடம்தான் கொடுத்ததாகச் சொன்னார். டின் இலக்கம் எங்கே என்று கேட்டேன். “தம்பியிடம் இருக்கிறது” என்று அதே மனிதரைச் சொன்னார். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிராந்திய அலுவலகத்துக்குப் போகிறேன். உங்கள் கோப்பும் இன்னொருவர் கைபேசியில் கிடக்கிறது என்றால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், வாசலில் நிற்பேன்.