எல்விஎம் சிஸ்டம் ஐடி: ஹோஸ்ட்நேமா, மெஷின்-ஐடியா, கையால் எழுதியதா?

ஒரே சான் டிஸ்க் (நெட்வொர்க் வழியே பகிரப்படும் சேமிப்பகம்) இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்குத் தெரியும்போது, எந்த வால்யூம் குரூப் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) யாருடையது என்று லினக்ஸின் டிஸ்க் மேலாண்மைக் கருவியான எல்விஎம், சிஸ்டம் ஐடியை வைத்துத்தான் முடிவுசெய்கிறது. ஐடி வால்யூம் குரூப்பின் மெட்டாடேட்டாவிலேயே எழுதப்பட்டிருக்கும். சர்வரின் ஐடியோடு அது ஒத்துப்போகாவிட்டால் எல்விஎம் அதை அந்நியமாகக் கருதி ஒதுக்கிவிடும். நல்ல காவல்தான். ஆனால் சர்வரின் ஐடி மாறினால் சொந்த டிஸ்க்கே அந்நியமாகிவிடும்.

சர்வருக்கு ஐடி அமைக்கும் வழிகளில் யூநேம் முறை, ஹோஸ்ட்நேமையே (சர்வரின் பெயரையே) ஐடியாக எடுத்துக்கொள்கிறது. டிபி01 என்று பெயரே தெரிவதால், கோளாறு நேரத்தில் யாருடைய டிஸ்க் என்று பார்த்தவுடன் புரியும். பேஸ்மேக்கர் கிளஸ்டரில் (ஒரு சர்வர் விழுந்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் அமைப்பு) ரெட் ஹாட் ஆவணம் சொல்வதும் இதைத்தான்: ஒரு நோட் (சர்வர்) விழுந்தால், எல்விஎம்-ஆக்டிவேட் ரிசோர்ஸ் வால்யூம் குரூப்பை அடுத்த நோடின் பெயருக்கு மாற்றிவிடும்.

கிளஸ்டருக்கு வெளியே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஹோஸ்ட்நேமை மாற்றுகிறவர் டிஸ்க்கைப் பற்றி நினைப்பதில்லை. டிபி01 என்பதை முழு டொமைன் பெயரோடு எழுதினாலே எல்விஎம்-க்கு அது வேறு சர்வர். மவுன்ட் ஆன ஃபைல்சிஸ்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பல மாதம் கழித்து ரீபூட் செய்தால் வால்யூம் ஆக்டிவேட் ஆகாது. அதற்குள் பெயர் மாற்றியதே மறந்துபோயிருக்கும். ஹோஸ்ட்நேம் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கினால் ஐடியே அமையாது. அப்போது உருவாக்கும் வால்யூம் குரூப்புகள் உரிமையாளர் இல்லாமல் எல்லா சர்வருக்கும் திறந்து கிடக்கும்.

மெஷின்-ஐடி என்பது லினக்ஸ் நிறுவும்போது சர்வருக்குக் கிடைக்கும் அடையாள எண், 32 ஹெக்ஸ் எழுத்து. ஹோஸ்ட்நேம் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. ஆனால் அது வெளியே தெரியக்கூடாத எண் என்கிறது லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி. நேரடியாக வைத்தால் பகிர்ந்த டிஸ்க்கில் எல்லோர் கண்ணிலும் படும். அதிலிருந்து எல்விஎம்-க்கென்றே தனியாக ஒரு ஐடியைக் கணக்கிடும் ஆப்மெஷின்-ஐடி புதிய பதிப்புகளில் உண்டு. இருந்தால் அதையே எடுங்கள்.

குளோன் ஆபத்து மட்டும் மெஷின்-ஐடி, ஆப்மெஷின்-ஐடி இரண்டிலும் உண்டு. மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யாமல் விஎம்மை (மெய்நிகர் கணினியை) குளோன் எடுத்தால் இரண்டு சர்வருக்கும் ஒரே ஐடி. இரண்டும் ஒரே வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்து எழுதினால் ஃபைல்சிஸ்டம் நாசம். ஐடி மாறினால் டேட்டா எட்டாமல் போகும், அவ்வளவுதான். இரட்டித்தால் டேட்டாவே போய்விடும். ஆகவே இமேஜ் தயாரிப்பு ஒழுங்காக நடக்கும் இடத்துக்கே இது சரி.

முக்கியமான டேட்டா தாங்கும் சில சர்வர்களுக்கு என் தேர்வு எல்விஎம்லோக்கல்: எல்விஎம்லோக்கல்.கான்ஃப் கோப்பில் நாமே ஐடியை எழுதுவது. ஓஎஸ்ஸை மறுபடி நிறுவினால் மெஷின்-ஐடி புதிதாகிவிடும்; இங்கே பழைய ஐடியையே திரும்ப எழுதலாம். அன்சிபிள் போன்ற கருவி இந்தக் கோப்பை எல்லா சர்வருக்கும் அப்படியே நகலெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட் ஃபைல்சிஸ்டம் எல்விஎம்மில் இருந்தால், பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு ஃபைல்சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதிதாகக் கட்டுங்கள். பூட் நேரத்தில் படிக்கப்படுவது அதற்குள் இருக்கும் நகல்தான்.

எந்த முறையானாலும் இது எல்விஎம் கமாண்டுகளை மட்டுமே தடுக்கும். டிஸ்க்கில் நேரடியாக எழுதும் டிடி கமாண்டை அங்கே அடித்தால் தடுக்காது.

ஐடி ஏற்கெனவே மாறிவிட்டதா? வால்யூம் குரூப்புகளைப் பட்டியலிடும் விஜிஎஸ் கமாண்டோடு ஃபாரின் ஆப்ஷன் கொடுத்தால் ஒதுக்கப்பட்ட வால்யூம் குரூப்புகள் தெரியும். வேறு எந்த சர்வரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்தபின், பழைய ஐடியை எல்விஎம்லோக்கல்.கான்ஃப் கோப்பின் எக்ஸ்ட்ரா_சிஸ்டம்_ஐடிஸ் வரியில் சேர்த்து, விஜிசேஞ்ச் மூலம் புதிய ஐடிக்கு மாற்றுங்கள். முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.