சோல் 45: அசலா, மறுபதிப்பா?

1960-களின் அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் பாட்டு வகை) 45-களை, அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டுகளைச் சேர்க்க இறங்குகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

விலை
மறுபதிப்பு: ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவு.
அசல்: உச்சவரம்பே கிடையாது. பாடகர் ஃப்ராங்க் வில்சனின் 1965 தட்டு ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்குப் போனது. அதே பாட்டின் 1979 டாம்லா மோடவுன் நிறுவன மறுபதிப்பு நம் கைக்கு எட்டும்.

நிலை
மறுபதிப்பு: புதிது, பேச்சில்லை.
அசல்: வேலையே இங்குதான். விற்பவர் ‘விஜி பிளஸ்’ (VG+, ‘மிக நல்ல நிலைக்கும் ஒரு படி மேல்’ என்ற தரக்குறி) என்பார். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள்; மயிரிழைக் கீறல் அப்போதுதான் தெரியும். அதுவும் போதாது. அந்தக் கால 45-களில் பல வினைலே அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். தேய்ந்த ஊசி பட்ட ஸ்டைரீன் பளபளவென்று இருக்கும், ஓட்டினால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இரையும். நான் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். ‘ஓட்டிக் கேட்டீர்களா?’ என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போலி
1970-களில் இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் (பழைய அமெரிக்க சோல் பாட்டுக்கு ஆடும் நடன அரங்கக் கலாசாரம்) மோகத்தில் கள்ளப் பதிப்புகள் குவிந்தன. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலைத் தட்டென்றால் சிறு முக்கோணமும் எண்ணும் இருக்கும்.

அசல் மட்டுமே போடும் நடன இரவுகளில் டிஜே ஆக வேண்டுமா? அசல்தான், வேறு வழியில்லை. வீட்டில் கேட்கவா? கென்ட் போன்ற நிறுவனங்களின் முறையான மறுபதிப்பே போதும். நானோ உயிரான ஐந்து பாட்டை மட்டும் அசலில் வைத்திருக்கிறேன்.